நாலு காய்க்காக நிற்கும் பழைய வெண்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் நீளம்; சுருக்கித் தருகிறேன்.

"தோட்டத்து லயத்துக்குப் பின்னால், செம்பனைக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடக்கிற நிலத்தில் ஒன்பது குடும்பங்கள் காய்கறி போடுகிறோம். என் பாத்தியில் வெண்டைதான் அதிகம். வீட்டுக்குப் போக மிச்சத்தைப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கிறேன். இரண்டு வருடமாகப் புது வெண்டை முழங்கால் உயரம் வருவதற்குள் குருத்து வாடித் தொங்குகிறது. காயைப் பிளந்தால் புழு. கடையில் கொடுத்த மருந்தெல்லாம் அடித்தாயிற்று. உங்கள் பழைய வெண்டையும் வீட்டோரத்துப் பருத்திச் செடியும்தான் காரணம், எல்லாவற்றையும் பிடுங்குங்கள் என்று பக்கத்துப் பாத்திக்காரர் சண்டைக்கு வருகிறார். பழைய செடியில் இன்னமும் நாலு காய் கிடைக்கிறது. பருத்தி என் மாமியார் விளக்குத் திரிக்காக நட்டது. பெரம்பலூரில் பருத்தி போடுகிற கொழுந்தனாரிடம் கேட்டேன். அங்கேயும் பருத்திமாரை (அறுவடை முடிந்த செடியை)ப் பிடுங்கு, பிடுங்கு என்று அதிகாரிகள் உயிரை எடுக்கிறார்களாம். நல்ல பருத்தி விதை அனுப்புகிறேன் என்றும் சொல்கிறார். காய்க்கிற செடியைப் பிடுங்கத்தான் வேண்டுமா? அப்படியென்றால் செம்பருத்தியையும் வெட்டச் சொல்வீர்களா?"

அன்புள்ள அம்மா,

பக்கத்துப் பாத்திக்காரர் சொன்ன விதம் சரியில்லை, சொன்ன விஷயம் சரி. முக்கால்வாசி சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கால்வாசியில் அவருடைய பாத்தியும் வருகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் புழு எது என்று பார்ப்போம். குருத்து வாடித் தொங்குவது, அப்புறம் காயில் துளை, துளை வாயில் ஈரமான எச்சம் என்றால் அது புள்ளிக் காய்ப்புழுவாகத்தான் இருக்கும். பருத்தி விவசாயிகளுக்கும் பழைய எதிரிதான். வெண்டையும் பருத்தியும் ஒரே குடும்பம். செம்பருத்தி, துத்தி, இலவம்பஞ்சு மரம், ஏன், நம் டுரியான்கூட அந்தக் குடும்பத்தில்தான் வருகிறது. பயப்படாதீர்கள், இந்தப் புழு டுரியானுக்குப் போகாது.

இதன் அந்துப்பூச்சி விரல்நகம் அளவுதான் இருக்கும். வெளிறிய இறக்கையின் நடுவில் பச்சையாக ஒரு கீற்று ஓடும். குருத்திலும் மொட்டிலும் பிஞ்சிலும் ஒன்றொன்றாக முட்டை வைக்கும். மூன்று நான்கு நாளில் பொரிகிற புழு, காய் இல்லாவிட்டால் தண்டின் நுனியைக் குடைந்து உள்ளே போகும். அதனால்தான் உங்கள் இளஞ்செடி தலை தொங்குகிறது. காய் வந்ததும் காய்க்குள் போய்விடும். இரண்டு வாரம் போலத் தின்றுவிட்டு, செடியிலோ கீழே விழுந்த சருகிலோ சின்னப் படகு கவிழ்ந்தது மாதிரி ஒரு கூடு கட்டும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

இந்தப் புழுவுக்கு உறங்கும் காலம் என்று ஒன்று கிடையாது. வெயில், மழை எதுவானாலும் தின்ன வெண்டையோ பருத்தியோ இருந்தால் பெருகிக்கொண்டே இருக்கும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து பயிரைக் கொன்று பூச்சிக்கு ஓர் இடைவெளி வைத்துவிடுகிறது. நம் பேராக்கில் வருடம் முழுவதும் பச்சை. அந்த இடைவெளியை இங்கே மனிதர்தான் கையால் போட வேண்டும். நீங்கள் போடவில்லை. பழைய செடி நிற்கும்போதே பக்கத்தில் புதுசு விதைக்கிறீர்கள். பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குப் பூச்சி குடிபோக லோரிகூடத் தேவையில்லை.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். புழு வெளியே இருப்பது முட்டை பொரிந்த கொஞ்ச நேரம் மட்டுமே. உள்ளே போய்விட்டால் நீங்கள் தெளிப்பது காயின் தோலைத்தான் நனைக்கும். நீங்கள் பறிப்பதோ ஒருநாள் விட்டு ஒருநாள். தெளித்த இரண்டாம் நாள் அந்தக் காய் பாசார் மாலாமுக்குப் போகிறது என்றால், அம்மா, வாங்குகிறவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். புட்டியின் மேல் அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கும். அத்தனை நாள் காத்திருந்தால் வெண்டை முற்றி விறகாகிவிடும். அதனால் வெண்டைக்கு அந்த மருந்து ஒத்துவராது.

நாளைக்கு ஒரு சோதனை செய்யுங்கள். பழைய செடிகளிலிருந்து இருபது காய் பறியுங்கள். பறிக்காமல் விட்டு நரம்போடிப்போனவற்றையும் உச்சியில் காய்ந்து நிற்பவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நீளவாக்கில் பிளந்து, எத்தனையில் புழு, எத்தனையில் புழு இருந்த தடம் என்று எண்ணுங்கள். அந்த "நாலு காய்"க்கு எதிரே அந்த எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். பார்த்த பிறகும் பிடுங்க மனம் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இனி உங்கள் கொழுந்தனார் விஷயம். அவருடைய அதிகாரிகளுக்காக நான் பரிந்து பேசப் போகிறேன்.

அவர் வயலில் பயப்பட வேண்டியது இளஞ்சிவப்புக் காய்ப்புழு. புள்ளிப் புழுவுக்கு நேர் எதிரான குணம். இது தூங்கத் தெரிந்த புழு. பருவக் கடைசியில் வருகிற புழுக்கள், பட்டுநூல் போன்ற இழையால் இரண்டு விதைகளை ஒட்டி உள்ளே சுருண்டு படுத்துவிடும். அடுத்த பருத்தி பூக்கும்வரை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அது படுக்கும் இடம் எது? வெடிக்காமல் செடியிலேயே நின்றுபோன கொட்டுக்காய், கீழே உதிர்ந்த காய், அடுப்புக்கென்று கட்டி வீட்டோரம் சாத்தி வைத்த பருத்திமார், பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலையில் குவிந்த கொட்டை. அவர் விறகு என்று நினைத்து அடுக்கி வைத்திருப்பதில் பாதி புழுவின் படுக்கையறை. அவரிடம் ஒரு கத்தி எடுத்துக்கொண்டு போய்ப் பத்துக் கொட்டுக்காயை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரட்டை விதை தெரிந்தால் அதற்குள் ஆள் இருக்கிறது.

இது இப்போது வந்த கெடுபிடி என்று அவர் நினைக்கலாம். சென்னை மாகாணத்தில் 1919இலேயே பயிர்ப்பூச்சிகளுக்கும் நோய்களுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோயம்புத்தூர்ப் பக்கம் பரவியது. நல்ல மகசூல், கிணற்றுத் தண்ணீரும் இருந்தது. அதனால் ஒரு பருவம் முடிந்தும் செடியை விட்டு வைத்து மறுதாம்பு எடுக்கப் பழகினார்கள். தண்டுக் கூன்வண்டும் காய்ப்புழுக்களும் அந்த மறுதாம்பில் உட்கார்ந்துகொண்டன. குறித்த தேதிக்குள் செடியைப் பிடுங்கு என்று சட்டம் வந்தது இதனால்தான். உங்கள் கொழுந்தனாரின் தாத்தா காலத்துச் சண்டை இது.

சட்டம் எதற்கு, அவரவர் புத்தியில் விட்டால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. அமெரிக்காவில் 1892 வாக்கில் மெக்சிகோவிலிருந்து காய்க் கூன்வண்டு என்று ஒன்று டெக்ஸஸ் எல்லைக்குள் நுழைந்தது. போய்ப் பார்த்த பூச்சியியல் நிபுணர் டவுன்செண்ட், அறுவடை முடிந்ததும் செடியை அழியுங்கள், எல்லையோரம் ஒரு பட்டைக்குப் பருத்தியே போடாதீர்கள் என்றார். கேட்கவில்லை. முப்பது வருடத்துக்குள் அந்த வண்டு அமெரிக்காவின் பருத்தி நிலம் ஏறக்குறைய முழுவதையும் பிடித்துவிட்டது. இன்னொரு பக்கம் ஜிம்பாப்வேயைப் பாருங்கள். இந்தத் தேதிக்குள் செடியை அழித்தே ஆக வேண்டும், இந்தத் தேதிக்கு முன் விதைக்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. நடுவில் பருத்தியே இல்லாத காலம் ஒன்று விழுகிறது. இளஞ்சிவப்புப் புழுவை அவர்கள் கட்டுக்குள் வைத்திருப்பதற்கு அது பெரிய காரணம்.

அமெரிக்கா இளஞ்சிவப்புப் புழுவை ஒழித்துவிட்டதாக 2018 அக்டோபரில் அறிவித்தது. பிடி பருத்தி (புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும்படி மரபணு மாற்றிய பருத்தி), மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து தூவுவது, இனக்கவர்ச்சிப் பொறி இவற்றோடு அறுவடைக்குப் பின் செடியை உழுது மடக்குவதும் அதில் ஒரு காலாக நின்றது. இந்தியாவில் 2002இல் பிடி பருத்தி வந்தது, 2006இல் இரண்டு மரபணு வைத்த ரகம் வந்தது. இனிப் புழுவே இல்லை என்று எல்லோரும் நிம்மதியானார்கள். மார்ச், ஏப்ரல்வரை தண்ணீர் விட்டுக் கடைசிக் காய்வரை பறித்தார்கள். புழு ஒவ்வொரு தலைமுறையாக அந்த நஞ்சுக்குப் பழகிக்கொண்டது. முதலில் குஜராத்தில் ஒன்றைத் தாண்டியது, பிறகு இரண்டையும் தாண்டியது. மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இன்று சொல்லும் அறிவுரையில், காலத்தோடு பயிரை முடி, மாரை வயலில் வைக்காதே என்கிற பழைய பாட்டுக்கு முக்கிய இடம் திரும்பிவிட்டது.

பெரம்பலூர் மானாவாரிப் பருத்தியில் கடைசிப் பறிப்பு முடிந்ததும் அவர் செய்ய வேண்டியதை நீங்களே போனில் சொல்லிவிடலாம். ஆட்டுக்கிடை போட்டு மீந்த இலையையும் பிஞ்சையும் மேய விடட்டும். மருந்து அடித்து நாள் ஆகியிருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு வேரோடு பிடுங்கி, முடிந்தால் துண்டுபோடும் இயந்திரத்தில் கொடுத்து உழுதுவிடட்டும். விறகு வேண்டும் என்றால் கொட்டுக்காயை உதிர்த்து அழித்துவிட்டு வெறும் குச்சியை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தில் மாசிப்பட்டம் பருத்தி போடுகிறவர்கள் இருந்தால் அவசரம் இன்னும் அதிகம். இவருடைய கடைசிக் காயிலிருந்து அவர்களுடைய முதல் சப்பைக்கு, அதாவது பூமொட்டுக்கு, புழு போகும். பூ விரியாமல் ரோஜா மொட்டு மாதிரிச் சுருண்டு நிற்பதைப் பார்த்தால் அவர்களுக்கே புரியும்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

தோட்டத்தில் வாழ்ந்த உங்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது. செம்பனை மறுநடவு பார்த்திருப்பீர்கள். பழைய மரத்தைச் சாய்த்து அப்படியே போட்டால் அழுகுகிற தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அதிலிருந்து கிளம்புகிற வண்டு புதுக் கன்றின் குருத்தைத் துளைக்கும். விரிகிற மட்டை கத்தரித்தது மாதிரி முக்கோணமாக வெட்டுப்பட்டு வருவது அதனால்தான். அதற்காகவே தண்டைச் சீவிச் சிறு துண்டாகப் போடுகிறார்கள், மேலே கொடிப்பயிரை வளரவிட்டு மூடுகிறார்கள். தோட்டத்துரை தன் ஆயிரம் ஏக்கருக்குச் செய்கிற காரியம்தான் உங்கள் பாத்திக்கும் வேண்டியிருக்கிறது.

தேதி ஒன்று குறியுங்கள். என் யோசனை: தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு பிடுங்குங்கள், பொங்கல் முடிந்து விதையுங்கள். ஆண்டைப் பொறுத்துப் பத்திலிருந்து பதினான்கு வாரம் கிடைக்கும். புழுவின் ஒரு தலைமுறைக்கு ஒரு மாதம், அந்துப்பூச்சியின் ஆயுளுக்குக் கொஞ்ச நாள் என்று கணக்குப் போட்டாலும் போதுமான இடைவெளி. அந்த மாதங்களில் மழை கொட்டுவதால் வெண்டை எப்படியும் சுமாராகத்தான் காய்க்கும். வேறு மாதம் வேண்டுமானாலும் எட்டு வாரத்துக்குக் குறையாதீர்கள். இந்த வருடம் வைத்த கணக்கையே அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு கணக்கு என்று மாற்றினால் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

பிடுங்கும்போது தண்டை வெட்டிவிட்டு வேரை மண்ணில் விடாதீர்கள். வெட்டின அடிக்கட்டை துளிர்க்கும், துளிரில் பூச்சி உட்காரும். வேரை உதறிப் பாருங்கள். மணி மணியாக முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் இருக்கிறது. வெண்டைக்கு அது மிகவும் பிடிக்கும். அப்படியென்றால் இடைவெளியில் அந்தப் பாத்தியில் துலுக்கச் செண்டு போடுங்கள். நூற்புழுவை அது ஓரளவு அடக்கும், பூவைக் கோயில் வாசலில் விற்கலாம். மற்றப் பாத்திகளில் சோளம், கீரை, பயற்றங்காய் போடலாம். கத்தரி வேண்டாம். வெண்டையின் தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும் கத்தரியில் சுகமாக இருக்கும்.

பிடுங்கியதைக் கொளுத்தாதீர்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது, அபராதம் உங்கள் பத்து வருட வெண்டை வருமானத்தை விழுங்கும். காய், மொட்டு, நுனிக்குருத்து இவற்றை மட்டும் உருவிக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். அல்லது சோப்புத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். மீதித் தண்டையும் இலையையும் துண்டுபோட்டுக் குழியில் புதைக்கலாம். கீழே விழுந்த சருகை வாரிவிட்டு மண்ணைக் கிளறிக் கோழிகளை விடுங்கள். கூட்டுக்குள் இருப்பதை அவை பார்த்துக்கொள்ளும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் வயதில் இதே மாதிரி ஒரு லயத்துக் காய்கறி நிலத்துக்கு ஆலோசனை சொன்னேன். எல்லோரும் ஒரே நாளில் பிடுங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, விதைக்கு ஒரு வரிசை விடுகிறேன்" என்றார். நியாயம்தானே என்று தலையாட்டிவிட்டேன். விதைக்காய் என்றால் செடியிலேயே முற்றிக் காய வேண்டும், அதாவது புழுவுக்கு ஆறு வாரம் சத்திரம். அடுத்த விதைப்பில் அந்த வரிசையை ஒட்டிய பாத்திகளில்தான் குருத்து முதலில் தொங்கியது. பெரியவரை எல்லோரும் ஏசினார்கள், ஏசியிருக்க வேண்டியது என்னை. விதை வேண்டும் என்றால் பருவத்தின் நடுவிலேயே நல்ல செடி இரண்டைத் தேர்ந்தெடுத்து, பிஞ்சிலேயே மெல்லிய துணிப்பை மாட்டி முற்ற விடுங்கள். கடைசிக் காயை விதைக்கு விடாதீர்கள்.

இப்போது அந்தக் கால்வாசி. நீங்கள் ஒருத்தி மட்டும் பிடுங்கினால் பலன் பாதிகூட இருக்காது. அந்துப்பூச்சிக்குப் பாத்தி வரப்பு தெரியாது. பக்கத்துப் பாத்திக்காரர் நிலத்திலும் போன பருவம் சிந்திய விதையிலிருந்து தானாக முளைத்த வெண்டை நாலைந்தாவது நிற்கும். கால்வாயோரம் துத்தி முளைத்திருக்கும், அதுவும் இந்தப் புழுவுக்கு ஆகும். அதனால் சண்டையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது வீட்டையும் தேநீருக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் பிளந்து வைத்த இருபது காயைத் தட்டில் போட்டு நடுவில் வையுங்கள். பேச்சு அதிகம் தேவைப்படாது. ஒரே நாளில் பிடுங்குவது, தானாக முளைப்பதை அவரவர் வாரம் ஒருமுறை பார்த்துப் பிடுங்குவது, கால்வாயோரத்தை முறை வைத்துச் சுத்தம் செய்வது, இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்டால் போதும். முதல் பருவத்திலேயே புழு அடியோடு போய்விடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். போகாது, குறையும். குறைந்த புழுவைக் கையால் பொறுக்கிவிடலாம். வாடின குருத்தைக் கண்டதும் கிள்ளி நசுக்குங்கள். வாரத்தில் மூன்றுமுறை பறியுங்கள், முற்றிய காய் ஒன்றும் செடியில் நிற்கக் கூடாது.

மாமியாரின் பருத்திதான் எனக்கும் சங்கடமாக இருக்கிறது. திரி கடையில் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வருடம் முழுவதும் பூவும் காயுமாக நிற்கிற பருத்தி இருக்கும்வரை உங்கள் இடைவெளி ஓட்டைப் பானைதான். அதனால் வெட்டுங்கள், வம்சத்தை விடாதீர்கள். புழு இல்லாத நல்ல காயாகப் பார்த்து விதை எடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதை ஒதுக்குங்கள், மூழ்கியதை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைத்துப் புட்டியில் அடைத்து வையுங்கள். பொங்கலுக்கு வெண்டையோடு அதையும் ஊன்றுங்கள். வெடிக்கிற பஞ்சை அன்றன்றைக்கு எடுத்துவிட்டுத் தீபாவளிக்கு முன் வெட்டுங்கள். கார்த்திகை விளக்குக்கு உங்கள் வீட்டுத் திரியே கையில் இருக்கும்.

கொழுந்தனார் விதை அனுப்ப வேண்டாம். இது கண்டிப்பாகச் சொல்வது. இளஞ்சிவப்புப் புழு ஊர் சுற்றியதே விதைக்குள் உட்கார்ந்துதான். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்தியாவிலிருந்து போன விதையோடு எகிப்துக்குள் போனது, 1911இல் எகிப்து விதையோடு மெக்சிகோவுக்கு, 1917இல் அங்கிருந்து டெக்ஸஸுக்கு. நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தடைக்காப்புச் சட்டப்படி விதை கொண்டுவர இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருகிற சமாச்சாரம் இல்லை.

செம்பருத்தியைக் கேட்டீர்கள். 1960இலிருந்து நாட்டின் தேசிய மலர், அதை வெட்டச் சொல்லி நான் வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன். வெட்டவும் வேண்டாம். உங்கள் புழுவுக்கு வெண்டையும் பருத்தியும் இருக்கும்வரை அதன் மேல் பெரிய ஆசை இல்லை. செம்பருத்தியில் தங்குவது பெரும்பாலும் மாவுப்பூச்சியும் அசுவினியும். பூசைக்குப் பூப்பறிக்கும்போது நுனி இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு ஒட்டினது மாதிரி இருந்தால் அந்த நுனியைக் கிள்ளி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். வெண்டைக்கு வைத்த அதே வாளி போதும்.